உடன்படிக்கையில் முதன்மை ஒப்பந்ததாரரும் பொறுப்பேற்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கான தொழிலாளர் உடன்படிக்கையில் இரு நாட்டு அரசுகள் கையெழுத்திட்டால், எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்பதே தலைப்புச் செய்தியாகிறது. 2023 மே மாதம் இந்தியாவும் இஸ்ரேலும் செய்துகொண்ட உடன்படிக்கையும் 42,000 பேர், அவர்களில் 34,000 பேர் கட்டுமானத்துக்கு என்ற கணக்கோடுதான் பேசப்பட்டது. போகும் செலவு யார் தலையில் விழும், சம்பளம் நின்றால் யாரைக் கேட்பது என்பவையும் அதே அழுத்தத்தோடு பேசப்பட வேண்டும்.

வட்டிக்கு வாங்கிய பணத்தை முகவரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுபவர், கடன் அடையும்வரை எதையும் எதிர்த்துக் கேட்கத் துணியமாட்டார். கட்டடத்தில் கட்டிய சாரம் சரியில்லை என்று தெரிந்தும் ஏறுவார்; பேசிய சம்பளத்தைக் குறைத்து வேறொரு ஒப்பந்தத்தை நீட்டினாலும் கையெழுத்திடுவார். ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2016இல் ஏற்ற நெறி. நம் விதிகளோ முகவர் 30,000 ரூபாய் வரை வாங்கிக்கொள்ள இடமளிக்கின்றன. ரசீதில்லாமல் கைமாறும் தொகை அதற்கும் மேல்.

கட்டுமானத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தொழிலாளி கட்டுவது பெரிய நிறுவனத்தின் கட்டடமாக இருந்தாலும், அவருடைய ஒப்பந்தம் பெரும்பாலும் துணை ஒப்பந்ததாரரோடோ ஆள் வழங்கும் சிறு நிறுவனத்தோடோ இருக்கும். மேலிருந்து பணம் வராவிட்டால் முதலில் நிற்பது சம்பளம்தான். அந்தச் சிறு நிறுவனம் மூடப்பட்டால் பாக்கியைக் கேட்க ஆளில்லை. விசா அந்த முதலாளியோடு பிணைந்திருப்பதால் வேறு வேலைக்கும் போக முடியாது. இந்தியாவுக்கும் கத்தாருக்கும் 1985 முதலே தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. ஆனால், முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமை, பல ஆண்டு சர்வதேச அழுத்தத்துக்குப் பின் 2020இல் கத்தார் தன் சட்டத்தைத் திருத்தியபோதுதான் கிடைத்தது. 35 ஆண்டுகள் ஓர் உடன்படிக்கை இருந்தும் அந்த உரிமையை அதனால் பெற்றுத்தர முடியவில்லை என்பது வேதனைக்குரியது.

துணை ஒப்பந்ததாரர் தராத சம்பளத்தை மேலுள்ள ஒப்பந்ததாரரிடம் கோருவதற்கான விதி, ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் பிறப்பித்த உத்தரவில் கட்டுமானத் துறைக்கென்றே இருக்கிறது. இனி நம் அரசு செய்யும் ஒவ்வோர் உடன்படிக்கையிலும் இத்தகைய பிரிவும், ஆள்சேர்ப்புச் செலவு முழுவதும் முதலாளியுடையது என்ற பிரிவும் இடம்பெற வேண்டும். ஆள்சேர்ப்பு தொடங்கும் முன்பே உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுமாறு மத்திய வெளியுறவு அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்