தம்பி உன் வீட்டுக்கு வருமுன்

அன்புள்ள கயல்,

தம்பி அடுத்த மாதத்திலிருந்து உன்னோடு இருக்கப்போகிறான். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். மனச்சிதைவுக்கு அவன் சாப்பிடும் க்ளோசபின் மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்துவிடுவாய், அதில் எனக்குக் கவலையில்லை. இந்த நோய்க்காரர்களுடைய உடம்பைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10, 20 வருஷம் முன்னாடியே போய்ச்சேருகிறார்கள். பெரும்பாலும் மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் என்று ஊரில் எல்லோருக்கும் வருகிற வியாதியில்தான்.

முதலில் வயிறு. இந்த மாத்திரையால் ரத்த அணு குறைவதைப் பற்றி டாக்டர்கள் மறக்காமல் எச்சரிப்பார்கள். மலச்சிக்கலைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. க்ளோசபின் குடலை மந்தமாக்கும், அடைத்துப்போய் உயிரே போனவர்கள் உண்டு. "வயிறு சரியா இருக்கா?" என்றால் "ம்" என்பான். "இன்னைக்குப் போனியா, இறுகலா இருந்ததா?" என்று கேள், கூச்சம் பார்க்காதே. 2 நாள் போகவில்லையென்றால் டாக்டர் எழுதித் தந்திருக்கும் லாக்டுலோஸைக் கொடு. இசப்கோல் வேண்டாம், அது மலத்தைப் பெருக்கும், நகராத குடலை நகர்த்தாது. வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே, அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போ. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை பலவும், நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடிலும் இதை இன்னும் மோசமாக்கும்.

அடுத்தது சிகரெட். அவன் விட்டால் நல்லதுதான், ஆனால் திடீரென்று விடக்கூடாது. புகையில் உள்ள பொருட்கள் ஈரலைத் தூண்டி மருந்தைச் சீக்கிரம் கரைக்கின்றன. புகை நின்றதும் அதே மாத்திரை ஒரு வாரத்துக்குள் ரத்தத்தில் ஏறிவிடும்: தூங்கி வழிவது, எச்சில் ஒழுகுவது, கை கால் வெட்டி இழுப்பது, வலிப்புகூட. அதனால் விடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். நிகோடின் சூயிங்கம் மெல்லலாம். ஈரலைத் தூண்டுவது நிகோடின் இல்லை, புகைதான். ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இதே கதைதான், அங்கே சிகரெட் கிடைக்காது. புதிதாக வருகிற டாக்டருக்கு இது தோன்றாமல் போகலாம், நீதான் சொல்ல வேண்டும். காபியைத் திடீரென்று கூட்டினாலும் மருந்து ஏறும்.

காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் பாராசிட்டமாலோடு விட்டுவிடாதே, அன்றைக்கே ரத்தம் பார். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் 1500-க்குக் கீழே இருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு. மாதாமாதம் எடுக்கும் ரத்தப் பரிசோதனையைப் பொங்கல், தீபாவளி என்று தள்ளிப்போடாதே. ஊருக்குப் போகிற இடத்தில் 2 நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே கொடுக்கக்கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி விழுந்துவிடுவான். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும், அதுவும் டாக்டர் சொல்படி.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில் சாப்பிடுமுன் எடை பார். இடுப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து அள, 90 செ.மீ. தாண்டக்கூடாது. அவன் இப்போது 70 கிலோ; மூன்றரை கிலோ கூடினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் சொல். எடை ஏறாமல் இருக்க மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்க்கலாமா என்று நீயே கேட்கலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொழுப்பும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சோற்றைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடாதே, பாட்டில் குளிர்பானத்தை நிறுத்து.

இனி பொது ஆஸ்பத்திரியில் பேசும் விதம். சீட்டில் மாத்திரைப் பெயரைப் பார்த்தவுடன் நெஞ்சுவலியும் "டென்ஷன்" ஆகிவிடும். அதனால் முதலில் உடம்பைச் சொல்: எங்கே வலி, எப்போதிலிருந்து, மூச்சு வாங்குகிறதா. ஈ.சி.ஜி. எடுங்கள் என்று கேள். மாத்திரைப் பட்டியலை அதற்குப் பிறகு கொடு, ஆனால் கொடுக்காமல் இருக்காதே. யாராவது தட்டிக் கழித்தால் 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைச் சொல். உடல்நோயாளிக்குக் கிடைப்பதெல்லாம் இவனுக்கும் கிடைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்னொன்று, இந்த நோயில் வலியைச் சொல்வதே குறைவாக இருக்கும். சாப்பாட்டை ஒதுக்கினால், நடை மாறினால், "ஒண்ணுமில்லை" என்ற பதிலை நம்பாதே.

கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட், ஈ.சி.ஜி., எடை எழுதிய நோட்டு மூன்றையும் அவன் பையில் வைக்கிறேன். நீ அங்கே பார்க்கப்போகும் டாக்டரின் நேரத்தை இப்போதே வாங்கி வை, 20 நாள் மாத்திரைதான் கையில் இருக்கும்.

அன்புடன்,
அம்மா