க்ளாக் துப்பாக்கி ஸ்கேனர்ல தெரியும் சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல அமெரிக்காவுல துப்பாக்கி வாங்குறவங்கள பத்தி வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு. நான் ஹூஸ்டன் பக்கம் 14 வருஷமா இருக்கேன், அதுல பாதி நானே கண்ணால பாத்ததுதான். ஆனா ஒரு பெட்டிச் செய்தில க்ளாக் துப்பாக்கி முழுக்க பிளாஸ்டிக், ஏர்போர்ட் ஸ்கேனர்ல மாட்டாதுனு போட்டிருக்கீங்க பாருங்க, அது சுத்தத் தப்பு. பிடிதான் பிளாஸ்டிக், பேரல், மேல இருக்கற ஸ்லைடு எல்லாம் எஃகு, நல்லாவே தெரியும். 80கள்லயே பேப்பர்ல சுத்திட்டிருந்த புரளி இது, அப்புறம் 1990ல டை ஹார்ட் 2 படத்துல ஜெர்மன்காரன் செஞ்ச பீங்கான் க்ளாக் 7னு ஒண்ண சொல்லி உலகம் பூரா பரப்பி விட்டாங்க. க்ளாக் 7னு ஒரு துப்பாக்கியே கிடையாது, கம்பெனியும் ஆஸ்திரியாவுல இருக்கு.

இத ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, கட்டுரைல விட்டுப்போனதே இதான். பயத்துலதான் வாங்குறாங்கனு எழுதிருக்கீங்க, பயம் இருக்கு, இல்லேங்கல, ஆனா சினிமா மோகமும் அதே அளவு இருக்கு. தீபாவளிக்கு தி.நகர்ல படம் பேர சொல்லி புடவை விப்பாங்கல்ல, இங்க துப்பாக்கில அது நடக்குது. கோல்ட்னு (Colt) ஒரு துப்பாக்கி கம்பெனி பழைய கௌபாய் ரிவால்வர ரெண்டாம் உலகப்போர் சமயத்துல நிறுத்திட்டாங்க, 50கள்ல டிவில கௌபாய் சீரியலா வந்து ஜனங்க கேக்க ஆரம்பிச்சதும் 1956ல திரும்ப செய்ய ஆரம்பிச்சாங்க. 1971ல டர்ட்டி ஹாரி படம் வந்தப்புறம் அதுல ஹீரோ வெச்சிருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29 ரிவால்வருக்கு அவ்ளோ கிராக்கி, போட்ட விலைக்கு மேல குடுத்து வாங்குனாங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பெரியவர் அப்ப வாங்குனவர்தான், ஆறு ரவுண்டு சுட்டதும் மணிக்கட்டு வீங்கிப் போய் அலமாரில வெச்சவர் இன்னும் எடுக்கலனு சிரிப்பார்.

மியாமி வைஸ் கதை இன்னும் தமாஷ். 1984ல அந்த சீரியல் ஹீரோ கைல ப்ரென் டென்னு ஒரு பிஸ்டல், கலிபோர்னியாவுல ஒரு சின்ன கம்பெனி செஞ்சது, டிவில பாத்துட்டு ஆர்டர் குவியுது, ஆனா மேகசின் சப்ளை இல்ல (உங்க மாதிரி புத்தகம் இல்ல சார், தோட்டா அடுக்குற டப்பா), அது இல்லாமயே நிறைய துப்பாக்கி அனுப்பிட்டாங்க. பணத்த கட்டிட்டு வெறும் துப்பாக்கிய வெச்சுகிட்டு முழிக்க வேண்டியதுதான். 1986ல கம்பெனியே திவால்.

இதுவரைக்கும் ஹீரோ ஆசைனு விட்டுடலாம். 2011ல ஜாம்பி (செத்தும் எழுந்து நடக்குற பொணம்) மோகம் உச்சத்துல இருந்தப்ப ஹார்னடினு பேர்போன தோட்டா கம்பெனி ஜாம்பி மேக்ஸ்னு ஒண்ணு இறக்குனாங்க, சிவப்பு முனைக்கு பதிலா பச்சை முனை, டப்பா மேல அழுகுன பொணம் படம். இது பொம்மை இல்ல நிஜ தோட்டானு அவங்களே எழுதியும் போட்டாங்க. எழுதணும்னு தோணிருக்கு பாருங்க, அதான் எனக்கு பகீர்னுச்சு. படம் பேர்ல வாங்குன புடவை ரெண்டு தீபாவளில சாயம் போய் கரித்துணி ஆயிடும், இது அப்படி இல்லயே, மோகம் போய் பத்து வருஷம் ஆனாலும் வீட்ல எங்கயோ ஒரு டிராயர்ல கிடக்கும்.

அந்தப் பெரியவர் ஷோகேஸ்லயும் பிரிக்காத பச்சை முனை டப்பா ஒண்ணு இருக்கு, பேரனுக்கு ஜாம்பினா உயிராம். இன்னும் வெடிக்குமானு கேட்டேன், வெடிக்காம என்னனு சாதாரணமா சொல்லிட்டு காபி ஊத்தப் போயிட்டார்.

அந்தப் பெட்டிச் செய்திக்கு மட்டும் அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்ருங்க சார்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்,
ஹூஸ்டன், டெக்சஸ்