நீல ரோஜாவுக்குச் சாயம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விழா மேடைகளை 'நீல ரோஜா'வால் அலங்கரிக்கலாம் என்ற யோசனையைத் தங்கள் இதழில் படித்தேன். கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பது சாயத் தண்ணீரில் நிறுத்திய வெள்ளை ரோஜாதான். இதழின் நரம்பிலும் ஓரத்திலும் நீலம் திட்டாகத் தங்கியிருக்கும், இலை நரம்பும் நீலம் பாய்ந்திருக்கும். ஈரம் பட்டால் மேஜை விரிப்பில் கறை வேறு.

ரோஜாவில் டெல்ஃபினிடின் என்ற நீல நிறமி இயல்பாக உருவாவதில்லை. பான்சிப் பூவின் மரபணுவைச் சேர்த்து ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2009-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'அப்ளாஸ்' ரோஜாவே கத்திரிப்பூ நிறத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாயல் 'புளூ மூன்', 'பாரடைஸ்' ரகங்களில் இயற்கையாகவே உண்டு. சமவெளி வெயிலில் வெளிறிப்போகும் இந்த நிறம், நீலகிரிக் குளிரில் அழகாகத் தேறி நிற்கும். நம்மிடம் இருக்கும் இந்த வரத்தை விட்டுவிட்டுச் சாயத்தைத் தேடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வெளியிதழ் ஒன்றிரண்டு பிரிந்த பிறகு, அதிகாலையில் வெட்டுங்கள். இறுகிய மொட்டாக வெட்டினால் விரியாமலே கழுத்து தொங்கிவிடும். காம்பில் காற்றுக் குமிழி அடைத்தாலும் இதே கதிதான். அப்போது நுனியைத் தண்ணீருக்குள் வைத்தபடி இரண்டு சென்டிமீட்டர் சாய்வாக நறுக்கி, பூவின் கழுத்துவரை வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஜாடிக்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் கால் தேக்கரண்டி பிளீச் திரவமும் போதும். சர்க்கரை மட்டும் போட்டால் பாக்டீரியா பெருகிக் காம்பை அடைத்துவிடும். தண்ணீருக்குள் இலை இருக்கக் கூடாது. பூ செருகும் ஃபோம் கட்டியைக் கையால் அழுத்தி முக்காமல் தானாக மூழ்க விடுங்கள். அழுத்தினால் நடுப்பகுதி நனையாது, அங்கே செருகிய பூ முதலில் வாடும்.

கத்திரிப்பூ நிறத்துக்கு மஞ்சள் விளக்கு ஆகாது, பூ சாம்பல் பூத்ததுபோல் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில், கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தின் இளங்கிளையோடு வைத்துப் பாருங்கள். முற்றிய இலை நீண்டு கரும்பச்சையாக இருக்கும், அது வேண்டாம். அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கிளையில் இலைகள் அகலமாக, வெண்பொடி பூசிய நீலச்சாம்பல் நிறத்தில் எதிரெதிரே ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில்தான் 'புளூ மூன்' உண்மையிலேயே நீலமாகத் தோன்றும்.

'பிளாக் பக்காரா' போன்ற கருஞ்சிவப்பு ரகங்கள் கிட்டத்தில் வெல்வெட், தூரத்தில் வெறும் இருட்டு. அவை மேடைக்கு வேண்டாம், சாப்பாட்டு மேஜைக்கு வைத்துக்கொள்ளலாம். பச்சை ரோஜாவில் இதழே கிடையாது, பூவை அடியில் தாங்கும் பச்சைப் புல்லிகள்தான் அடுக்கடுக்காக இருக்கும். அதனால் உதிராமல் பல நாள் நிற்கும். அதை நடுப்பூவாக வைக்காமல் இடைவெளி நிரப்பப் பயன்படுத்துங்கள்.

மழைக்காலப் பூக்களை மட்டும் சற்று உற்றுப் பார்த்து வாங்க வேண்டும். வெளிர் இதழில் ஊசிமுனை அளவு இளஞ்சிவப்புப் புள்ளி இருந்தால் அது பூஞ்சணம். பெட்டியில் மூடி வைத்தால் விரைவில் அழுகல் பரவும்.

மலர்க் கண்காட்சி அலங்காரப் போட்டிகளில் சாயமேற்றிய பூக்களைத் தனிப் பிரிவாக்கி, இயற்கை நிறப் பூக்களுக்கு ரகப் பெயர் எழுதிய அட்டை வைக்குமாறு தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன்.

– வாசகி, குன்னூர்