பத்திரிகையால் குறைக்கக்கூடிய தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்று நாள் காய்ச்சல் விடாமல் காய்ந்தால் டெங்கோ என்று இரத்தம் சோதிக்க ஓடுகிற ஊர் எங்கள் யாழ்ப்பாணம். பிள்ளைக்குப் புத்தி தடுமாறினால் மட்டும் மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பெடியன் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தான். முதலில் ரியூசனுக்குப் போவதை விட்டான். பிறகு போன் கமராவுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டினான். தாய் ஒரு வாய் தின்று காட்டினால்தான் சோற்றைத் தொடுவான். அதில் நஞ்சு கலந்திருக்கிறதாம். சோதனைப் பயம் என்றார் தகப்பன். ஏழரைச் சனி என்றார் சாத்திரியார். நூல் கட்டினார்கள், கழிப்புக் கழித்தார்கள், கனடாவில் இருக்கும் அண்ணன் அதற்கெல்லாம் காசு அனுப்பினார். அக்காவின் கலியாணப் பேச்சு முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக்கூடாது என்று பெரியம்மா வேறு. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. ஆனால் அதற்குள் சோதனை போய்விட்டது, கூட்டாளிகளும் போய்விட்டார்கள்.

சைக்கோசிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டுகிறது. மருந்தில்லாமல் கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷாங்காயில் முதன்முறை இந்நோய் கண்டவர்களை ஸ்கான் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, சிகிச்சையின் முதல் எட்டு வாரங்களிலேயே சுருங்கியது தெரிந்தது. அதிக காலம் சிகிச்சையின்றி இருந்தவர்களில் சுருக்கமும் அதிகம். எல்லா ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை. மெல்ல மெல்ல வரும் கடுமையான நோய்தான் தாமதத்துக்கே காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. சரி, அந்த வழக்கு ஆய்வாளர்களிடம் இருக்கட்டும். வீட்டில் இருக்கிறவர்கள் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் நோர்வே. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் குடியேறிய நாடு. அங்கே ரோகலாண்ட் மாவட்டத்தில் 1997 முதல் இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளைப் பத்திரிகைகளில் பெரிய விளம்பரங்களாகப் போட்டார்கள். பள்ளிக்கூடங்களிலும் விளக்கினார்கள். யாரும் நேரே தொலைபேசியில் அழைக்கக்கூடிய வைத்தியக் குழுவும் இருந்தது. சிகிச்சைக்கு வர எடுத்த காலம் சராசரியாக 5 வாரமாக இறங்கியது. இந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் அது 16 வாரம். பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, ரோகலாண்டில் ஏறத்தாழ 31 சதவீதமானோர் நன்கு தேறியிருந்தார்கள், மற்ற இடங்களில் 15 சதவீதம். ஆனால் பிரசாரத்தை நிறுத்தியதும் அந்த 5 வாரம் மறுபடி 15 ஆகிவிட்டது. ஒரு தடவை கட்டுரை போட்டுக் கைகழுவ முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே கிழமைக்கு ஒருநாளாவது கால் பக்கம் ஒதுக்குங்கள். செய்வினை அகற்றும் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் என்றால் இன்னும் நல்லது. தேடுகிற பெற்றோரின் கண் அங்கேதான் போகும். நித்திரை குழம்புவது, காரணமில்லாத சந்தேகம், தனியே பேசுவது, திடீரென்று படிப்பில் பின்தங்குவது ஆகியவற்றைச் சாதாரணத் தமிழில் போடுங்கள். ஐஸ் என்ற போதைப்பொருளால் வந்தது என்று சந்தேகம் இருந்தாலும் வைத்தியரிடம்தான் முதலில் காட்ட வேண்டும் என்பதையும் சேருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு வாங்குவதில்லை என்பதைப் பலர் அறியார்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கோயிலுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அம்மாமார் அந்தப் பக்கத்தையே மடித்து வைத்துவிடுவார்கள். காலையில் அர்ச்சனை, அப்புறம் கிளினிக் என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுன்னாகம்.