டம்ளர் சத்தம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கலா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அப்பாவுக்கு வலது கை இன்னும் அசையவில்லை என்று படித்ததும், அவர் நம் ஹாஸ்டலுக்கு வாழைத்தாரைத் தோளில் வைத்துக் கொண்டுவந்த நாள்தான் கண்ணில் நின்றது.

ஆனால் இந்தக் கடிதம் உனக்காக. கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "நான் நல்லாத்தான் இருக்கேன், கோபம் மட்டும் கொஞ்சம் அதிகமா வருது" என்று. அதே வரியை மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் என் தம்பியிடம் சொன்னேன்.

அம்மா படுத்த முதல் வருஷம் அது. பேச்சு போய்விட்டதால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் துணி மாற்ற வேண்டும். ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன், விடிந்தால் பள்ளிக்கூடம். ஒருதடவை தம்பி வந்து அம்மாவை ஒரு வாரம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அன்றைக்காவது தூங்கலாம் என்று படுத்தேன். நடுராத்திரியில் டம்ளர் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். வெறும் கட்டில். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கையெல்லாம் ஈரம். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

அப்புறம் அம்மாவைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் பிரஷர் பார்த்தார். 160/100. அம்மாவுக்கு 130தான். "உங்க உடம்பு ஒரு வருஷமா பாம்பைப் பார்த்த மாதிரியே நிக்குதும்மா" என்றார். பாம்பைக் கண்டதும் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுகிறது. இதயம் வேகம் எடுக்கிறது, ஈரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது, ஜீரணம் மெதுவாகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வருகிறது. ஓடித் தப்பித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். நாம் ஓடவும் முடியாது, இது இன்றைக்கு முடியும் என்ற நாளும் கிடையாது. அடங்காமலே மாதக்கணக்கில் போனால் தூக்கம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் கெடுகின்றன, சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வருகிறது. அதனால் உன் கோபத்தைக் குணக்கேடு என்று நினைக்காதே கலா. அது களைத்துப்போன உடம்பு.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் தகைவையும், அதனால் பொருளில் வரும் உருமாற்றமான திரிபையும் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். 1936-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு விதவிதமான துன்பம் கொடுத்துப் பார்த்தார். துன்பம் எதுவானாலும் அட்ரினல் வீங்கியது, இரைப்பையில் புண் வந்தது. பிற்பாடு அதற்கு அவர் வைத்த பெயர் 'ஸ்ட்ரெஸ்', நம் இயற்பியலில் இருக்கும் தகைவுதான். உடம்புக்குள் நடக்கும் மாற்றத்தைச் சொல்லத் திரிபு என்ற சொல்தான் சரி என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். தகைவு என்றால் என்ன? விசையைப் பரப்பால் வகுப்பது. அம்மாவுக்கு இடுப்பெலும்புப் பக்கம் புண் வைக்க ஆரம்பித்தபோது காற்றுப் படுக்கை வாங்கினோம். அம்மாவின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, தாங்கும் இடம்தான் அகலமானது. புண் ஆறிவிட்டது. அன்றைக்கு அந்தப் படுக்கையைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பியோடு சண்டை போட்டு வாரத்தில் இரண்டு ராத்திரியை அவனுக்கு ஒதுக்கியது அதற்குப் பிறகுதான். காசு மட்டும் அனுப்பினால் போதும் என்றிருந்தான். போதாது என்று சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது! 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதிந்துவிடு. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவோடு இருப்பாள், நான் தெப்பக்குளத்தை வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். தியானம், மூச்சுப் பயிற்சி என்று எல்லாரும் சொன்னார்கள். மூச்சை மெதுவாக, நீளமாக விடும்போது நாடியைப் பிடித்துப் பார், துடிப்பு தளர்வது விரலுக்கே தெரியும். ஆனால் காதைக் கட்டில் பக்கம் வைத்துக்கொண்டு செய்த எதுவும் எனக்குப் பலிக்கவில்லை. இன்னொருத்தர் கேட்டுக்கொள்வார் என்று தெரிந்தபிறகுதான் பலித்தது.

இன்னொன்று. 'மன அழுத்தம்' என்றுதான் இதையும் சொல்கிறோம், மனச்சோர்வு நோயையும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், ஏன் இருக்கிறோம் என்று தோன்றினால் தாங்கிக்கொண்டு இருக்காதே. 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ், அரசாங்கத்துடையது, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். எனக்கும் கூப்பிடு, ராத்திரி இரண்டு மணியானாலும் சரி.

பரீட்சை முடிந்ததும் வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். இரண்டு ராத்திரி அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கு, போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போ. அவருடைய மருந்துகளை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வை. புரட்டும்போது எந்தத் தோளில் வலி என்பதையும் மறக்காமல் எழுது.

உன்,
விஜி