ஸ்காங் குவாய் கம்பங்கள் கேட்பாரற்றவை அல்ல

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் கனடாவின் மேற்குக் கரையோரத் தீவுகளுக்குப் படகில் போய்வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஹெக்கேட் நீரிணையைப் பற்றிச் சொன்னதும் மிகையில்லை. ஆழம் குறைந்த கடல் அது, காற்று பிடித்தால் அலை செங்குத்தாக எழும். நண்பரின் பாய்மரப் படகில் நான் போனபோது அக்கரை சேரும்வரை ஒரு வாய் தேநீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தீவுகளில் ஒன்றான ஸ்காங் குவாயின் செதுக்கிய மரக் கம்பங்கள் 'கேட்பாரற்று அழுகுகின்றன' என்று ஒரு வரி. அதுதான் உறுத்தியது. 1981இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம் அது. கோடை முழுவதும் அத்தீவுகளின் பழங்குடிகளான ஹைடா மக்களே காவலர்களாக அங்கு தங்குகிறார்கள். கம்பங்களில் பல ஈமக் கம்பங்கள். குடிப்பெருமை உள்ளவர்களின் எலும்புகளைப் பெட்டியில் வைத்து உச்சியில் ஏற்றியிருந்தார்கள். மண்ணில் முளைத்த சிடார் மரம் மண்ணுக்கே திரும்பட்டும் என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். (1957இல் சிலவற்றை அருங்காட்சியகங்களுக்கு எடுத்துப் போனது தனிக்கதை.)

ஸ்காங் குவாயில் இருந்த ஊர் காலியானதற்கும் காரணம் உண்டு. 1862இல் தெற்கே விக்டோரியா நகரில் பெரியம்மை பரவியது. அங்கே முகாமிட்டிருந்த வடபகுதிப் பழங்குடிகளை அதிகாரிகள் விரட்டிவிட, நோயும் அவர்களோடு படகேறியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஞ்சிய ஹைடா மக்கள் அறுநூறு பேர் அளவில்தான்.

அப்புறம், கட்டுரையாளர் 'காட்டைக் காப்பாற்றிய கனடா அரசை'ப் பாராட்டுகிறார். 1985இல் அதே தீவுக்கூட்டத்தின் லையல் தீவில் மரம் வெட்டும் லாரிகளை மறித்து, மூதாட்டிகள் உட்பட 72 பேர் கைதானார்களே, அவர்களை விட்டுவிட்டாரே! அதற்குப் பிறகு 1993 ஒப்பந்தப்படிதான் அரசும் ஹைடா தேசமும் சேர்ந்து, இந்த இரு தீவுகளும் அடங்கிய குவாய் ஹானாஸ் என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியை நிர்வகிக்கின்றன. ஒப்பந்தத்தின் இருபதாம் ஆண்டில் அதே லையல் தீவில் நட்ட புதுக் கம்பத்தில், கைகோத்து நிற்கும் ஐந்து பேரைச் செதுக்கியிருக்கிறார்கள். அது யார் என்று விளக்கத் தேவையில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதி வாங்கி, அறிமுக வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே நுழைய முடியும். காவலர் இருக்கும் ஊர்களில் கரையிறங்கும் முன் வானொலியில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் 12 பேருக்கு மேல் விடமாட்டார்கள். எங்களையும் காக்க வைத்தார்கள். வீட்டுக்காரர் வரச் சொல்லும்வரை திண்ணையில் இருப்பதுபோலத்தான், எனக்கு அதில் குறையில்லை.

கடைசியாகத் தலைப்பு. 'குயின் சார்லட் தீவுகள்' என்று போட்டிருக்கிறீர்கள். 2010இல் ஹைடா மக்கள் அந்தப் பெயரை ஒரு சிடார் பெட்டியில் வைத்து மாகாண அரசிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது ஹைடா குவாய், 'மக்களின் தீவுகள்'. மூடிய பெட்டியை நம் இதழ் திறக்க வேண்டாமே.

– இரா. சு., பர்னபி, கனடா