விஜி, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்காதே

அன்புள்ள விஜி,

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் சிதம்பரத்தில் ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே ஒரு சுற்று பெருத்திருக்கிறாள். பானு பண்ருட்டிக்கே மாற்றல் வாங்கிவிட்டாள். பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபமாக இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள், இப்போது விஷயம் வேறு.

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. "மாடியில மூணு கிலோவாட் சோலார் போடறோம்டி, பில் பூஜ்ஜியம். கரண்ட் போனாலும் அம்மாவோட ஆக்சிஜன் மெஷின் ஓடும், அந்தக் கவலையும் விட்டது" என்றாய். அப்புறம் நீ அனுப்பிய கொட்டேஷனைப் பெரிதாக்கிப் படித்தேன். பேனல், ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, கேபிள், எர்த்து, எல்லாம் இருக்கிறது. பேட்டரி என்று ஒரு வரி எங்கேயும் இல்லை. அந்த அமைப்பில் கரண்ட் போனால் அம்மாவின் மெஷின் ஓடாது விஜி. நடுப்பகல், உச்சி வெயில், மாடி நிறைய பேனல், அப்போதும் ஓடாது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடி, சரிடி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தெருவில் வரும் மின்துறை லைனைப் பார்த்து, அதோடு சேர்ந்துதான் ஓடும். லைன் செத்ததும் அதுவும் நொடியில் நின்றுவிடும். இது கோளாறு கிடையாது, சட்டமே அப்படி. உன் மாடியிலிருந்து கரண்ட் திரும்பித் தெருவுக்குப் போனால், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கதி என்ன? அந்தப் பாதுகாப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் விற்க வருகிறவர் இதை வாய் திறந்து சொல்வதில்லை என்பதில்தான் எனக்கு ஆத்திரம். நோயாளி இருக்கிற வீடு என்று தெரிந்தும் "கவலையே வேண்டாம் மேடம்" என்று ஒருவர் சொல்லிப் போயிருக்கிறார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் உங்கள் பக்கம் கரையேறியது உனக்கு மறந்திருக்காது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது புதுச்சேரியில். இங்கே கடலூரில் அதற்கடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊரைச் சுற்றிக்கொண்டது. மழை விட்டு வெயிலும் வந்துவிட்டது, கரண்ட் மட்டும் வரவில்லை. எங்கள் தெருவில் இரண்டு மாடிகளில் பேனல் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, அந்த வீட்டுக்காரர்கள் போன் சார்ஜ் போட, பேட்டரி வைத்திருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். பில் குறைவதற்காக வாங்கியது அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. இருட்டுக்கு அது பொறுப்பில்லை.

முதலில் நீ முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். பில் குறைய வேண்டுமா, கரண்ட் இல்லாதபோது வீடு ஓட வேண்டுமா? அம்மா வீட்டில் இருக்கும்வரை உனக்கு இரண்டாவதுதான் முதல். இரண்டையும் செய்ய ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது: லைன் இருக்கும்போது அதோடு சேர்ந்து ஓடும், போனால் தன்னைத் துண்டித்துக்கொண்டு பேட்டரியிலிருந்தும் பேனலிலிருந்தும் வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். லைனோடு இணைந்த அமைப்பு என்பதால் மத்திய அரசின் சூர்ய கர் மானியமும் போகாது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். பேனல் உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும், பேட்டரிக்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. லைனே தொடாமல் தனியாக ஓடும் ஆஃப்-கிரிட் போட்டால் மானியமே இல்லை. உன் தம்பி அதைத்தான் போடச் சொல்கிறான் என்றாய். வேண்டாம்.

இப்போது கணக்கு. நீ என்னைவிட எப்போதும் மூன்று மார்க் கூட வாங்கியவள், சரிபார்த்துக்கொள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர், அதாவது அம்மாவின் ஆக்சிஜன் மெஷின், பொதுவாக 350 வாட் அளவு இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் மூன்றரை யூனிட். இரண்டு ஃபேன் சாதாரணமானது என்றால் ஆளுக்கு 75 வாட், அதே பத்து மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட். குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் 30 வாட்தான், 0.6 யூனிட்டில் முடிந்துவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட ஃபேனை மாற்றுவது எவ்வளவு மலிவு என்று பார். இரண்டு லைட்டும் வைஃபையும் சேர்த்து ராத்திரிக்கு நாலே கால் யூனிட் என்று வை.

இதற்கு டியூபுலர், அதாவது தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி என்றால், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) நாலு போடச் சொல்வார்கள். பேப்பரில் 7.2 யூனிட். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக 3.6 யூனிட், அதிலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். போதாது. இன்னொன்றும் கவனி: சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியின் ஏ.ஹெச். இருபது மணி நேரத்தில் காலியாகும் கணக்கில் எழுதப்பட்டிருக்கும், சி20 என்பார்கள். சோலாருக்கு உள்ளது சி10, பத்து மணி நேரக் கணக்கு. 150 என்ற எண் இரண்டிலும் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றில்லை. ஸ்டிக்கரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

லித்தியம், அதிலும் எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்று கேள். 51.2 வோல்ட், 100 ஏ.ஹெச். ஒரு பெட்டி 5.12 யூனிட். அதில் தொண்ணூறு சதவீதம் பயமில்லாமல் எடுக்கலாம். நாலரை யூனிட் வரும், இன்வெர்ட்டர் தின்றதுபோக நாலு, நாலே கால். உன் ராத்திரிக்கு மயிரிழையில் சரி. ஃபிரிட்ஜையும் அதில் போட்டால் விடியும் முன் காலி. அம்மாவுக்குப் பகலிலும் மெஷின் ஓட வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு அதற்கு மட்டுமே எட்டரை யூனிட், அப்போது இரண்டு பெட்டி. விலை கூடத்தான் கூடும். என் பழைய டியூபுலருக்குத் தண்ணீர் ஊற்றி, டெர்மினலில் பூத்ததைச் சுரண்டி, நாலாவது வருஷமே புதுசு தேடிய நினைவில் சொல்கிறேன்: லித்தியம் மூவாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் நீ வாங்கும் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று பேசுமா என்று கேட்டு எழுத்தில் வாங்கு. பேசாவிட்டால் சார்ஜ் கணக்கு தப்பிப்போகும், பேட்டரி தன்னைத்தானே மூடிக்கொள்ளும்.

3 கிலோவாட் நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் தரும். புயல் நாளில் அதை நம்பாதே. கருமேகம் மூடினால் பத்தில் ஒன்று வந்தால் பெரிது. அதனால் புயலின்போது உன்னைக் காப்பது பேட்டரி. வெயில் வந்தபின், லைன் வரும்வரை காப்பது பேனல். தானே புயல் நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30. கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது இதெல்லாம் இருந்திருந்தால் என்று உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

சரி. செட்டிங் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடுவார்கள். பில் குறைய வேண்டும் என்று தினமும் சாயங்காலம் பேட்டரியைக் காலி செய்கிற மாதிரி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ராத்திரி பதினொன்றுக்கு லைன் போனால் பேட்டரியில் ஒன்றும் இருக்காது. லைன் இருக்கும்போது எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி வைக்கச் சொல். வானிலை மையம் புயல் எச்சரிக்கை கொடுத்ததும் நூறுக்கு ஏற்று. அதை எப்படி மாற்றுவது என்று நீயே கற்றுக்கொள், உன் வீட்டுக்காரர் தலையில் கட்டாதே. அவர் ரிமோட்டில் சவுண்டு குறைக்கவே பிள்ளையைக் கூப்பிடுவார்.

ஹைபிரிட்டில் பேக்அப் என்று தனி வழி இருக்கும். அந்த வழியில் கோத்த பாயிண்டுகள்தான் லைன் போனபின் ஓடும். அம்மாவின் அறை, அதிலுள்ள பிளக், ஹால் லைட், வைஃபை, இவற்றுக்குத் தனி ஒயர் இழுத்துத் தனி எம்.சி.பி. (தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) போட வேண்டும். தண்ணீர் மோட்டாரும் ஏசியும் அதில் வரவே கூடாது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும், இன்வெர்ட்டர் தாங்காமல் நின்றால் அம்மாவின் மெஷினும் நிற்கும். உங்கள் வீட்டில் இப்போது சுவரை உடைத்துப் பூசிக்கொண்டிருக்கிறீர்கள். பூச்சு மூடும் முன்பே ஒயரை இழுத்துவிடச் சொல், இதை மட்டும் இந்த வாரமே செய்.

இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கீழ்த்தளத்தில் வைக்க விடாதே. ஃபெஞ்சலில் உங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று நீதான் சொன்னாய். மாடிப்படித் தலையில் தகரக் கொட்டகைக்குள்ளும் வேண்டாம், வெக்கையில் லித்தியம் வாடும். முதல் மாடிச் சுவரில், காற்றோட்டமான இடத்தில் வை. அம்மாவின் அறையில் வேண்டவே வேண்டாம். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் சின்னப் பொறியும் பெரிய தீயாகிவிடும்.

கடல் உனக்கு நடக்கிற தூரம். ஸ்டாண்டு சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா, இல்லை பெயிண்ட் அடித்ததா என்று பார். நட்டு போல்ட்டு துருப்பிடிக்காத எஃகு. பேனலுக்கு உப்புக் காற்றுச் சோதனை சான்று இருக்கிறதா என்று கேள். தெற்குப் பார்த்து, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வு போதும். உயரமாகத் தூக்கிக் கட்டினால் அடியில் நடமாட வசதிதான், ஆனால் புயல் காற்று அடியில் புகுந்து தூக்கும். தூக்கிக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கால் கான்கிரீட்டில் ஆழமாக இறங்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்து வை. ஒரு மட்டையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலே, அதோடு சேர்த்துக் கோத்த வரிசை முழுவதும் சோர்ந்துபோகும்.

இவ்வளவும் செய்தாலும் ஒரு நிறைத்த ஆக்சிஜன் சிலிண்டர், ரெகுலேட்டரோடு, அம்மாவின் கட்டிலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தே தீர வேண்டும். லைன் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் மெஷின் நின்று அலாரம் அடிக்கலாம், இன்வெர்ட்டரே பழுதாகலாம். டாக்டரிடம் எந்த அளவு சிலிண்டர் என்று கேட்டு, அதைத் திறக்க வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடு. இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளு. அந்த ஆளிடம் ஹைபிரிட், எல்.எஃப்.பி., பேக்அப் வயரிங் மூன்றும் சேர்த்துப் புதுக் கொட்டேஷன் கேள், வேறு இரண்டு இடத்திலும் வாங்கு. இன்வெர்ட்டர் எத்தனை கேவிஏ என்று சொன்னால் விடாதே, உண்மையில் எத்தனை கிலோவாட் தரும் என்று கேள். வேலை முடிந்த அன்று மெயினை நீயே இறக்கிவிட்டு, அம்மாவின் மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகு மிச்சப் பணம் கொடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டேப் கொண்டுவருகிறேன், மாடியை அளந்துவிடலாம். முந்நூறு சதுர அடி நிழலில்லாமல் கிடைக்கிறதா பார்க்க வேண்டும். அதற்குள் மெஷினின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை இன்று ராத்திரியே போட்டோ எடுத்து அனுப்பு. வாட் எண் தெளிவாகத் தெரிய வேண்டும், உன் கட்டை விரல் அதை மறைக்கக் கூடாது.

உன்
கலா
மஞ்சக்குப்பம், கடலூர்